சக்கரம் ஓயட்டும், பிறகு பூ பூக்கட்டும்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றாலே நட்பைப் பற்றி நாலு கவிதை, அரியரைப் பற்றி நாலு ஜோக், 'இளைஞனே எழுந்து வா' என்று ஒரு கட்டுரை... இவையெல்லாம் இருக்கும். இருக்கட்டும். அவற்றுக்கு நடுவே நான் ஒரு பழைய இரும்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு கைப்பிடி, இரண்டு கால், நடுவில் ஒரு தொட்டி. கட்டட வேலை நடக்கிற இடத்தில் 'வீல்பேரோ' என்பார்கள். எங்க அம்மா 'ஒத்தச்சக்கர வண்டி' என்பாங்க. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வண்டி ஒன்றுதான். தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்த வண்டிக்குள் நம்முடைய படிப்பும் இருக்கிறது, நாளைக்கு நாம் பார்க்கப்போகும் வேலையும் இருக்கிறது.

இப்போதெல்லாம் பழைய வீல்பேரோவைப் பூந்தொட்டியாக மாற்றுவது ஒரு ஃபேஷன். செல்போனைத் திறந்தால் வீடியோ. ஓட்டல் வாசலில், பண்ணை வீட்டு வாசலில், பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் என்று பல இடங்களில் பார்க்கிறோம். மஞ்சள் பெயின்ட், நீலப் பெயின்ட், உள்ளே மண், மேலே பூ. பார்க்க அழகு! 'வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்' போட்டி நடந்தால் ஒரு வீல்பேரோவாவது பரிசு வாங்காமல் போவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடி ஓய்ந்துபோன வண்டியைப் பூந்தொட்டி ஆக்குவது நல்ல காரியம். இன்னும் ஓடக்கூடிய வண்டியைப் பூந்தொட்டி ஆக்குவது நல்ல காரியம் இல்லை. இது எந்த வண்டி, அது எந்த வண்டி என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குத்தானே நாம் மூன்று வருடம் டிப்ளமோ படிக்கிறோம்?

ஒரு சக்கரத்தின் கதை

வீல்பேரோவைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சீனாவில் ஹான் அரசர்கள் காலத்திலேயே, அதாவது சுமார் 1,800 வருடங்களுக்கு முன்பே, ஒற்றைச் சக்கர வண்டி இருந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கல்லறைச் சிற்பங்களில் அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கி.பி. 231-ல் சூகே லியாங் என்ற சீனத் தளபதி, மலைப்பாதையில் படைகளுக்குத் தானியம் கொண்டுபோக 'மர எருது' என்ற ஒன்றைப் பயன்படுத்தினார் என்று சரித்திரம் சொல்கிறது. அது ஒற்றைச் சக்கர வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சீனாவில் பரவலாக ஓடிய வண்டி ஒன்றில் சக்கரம் பெரிதாக, வண்டியின் நடுவிலேயே இருக்கும். பாரம் முழுக்க அச்சின் மேல். தள்ளுகிறவர் கையில் ஏறக்குறைய எடையே விழாது. வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஐரோப்பாவில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வீல்பேரோ வந்தபோது சக்கரத்தை முன்னால் வைத்தார்கள். நம் ஊரில் ஓடுவது இந்த இரண்டாவது வகை. இதில் பாரத்தைச் சக்கரமும் கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அதோடு யோசனை நின்றுவிட்டதா? இல்லை. 1974-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் என்பவர், சக்கரம் சேற்றில் புதைகிறதே என்று பார்த்துவிட்டு, சக்கரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்தை வைத்து 'பால்பேரோ' என்று விற்றார். பிற்காலத்தில் வாக்குவம் கிளீனரால் உலகப் புகழ் பெற்ற அதே டைசன்தான்! இத்தனை மூளைகள் எதற்காக உழைத்தன? மனிதன் கழுத்திலும் முதுகிலும் விழுகிற பாரத்தைக் கொஞ்சம் குறைப்பதற்காக.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மெக்கானிக்ஸ் பாடத்தில் நெம்புகோல் மூன்று வகை என்று படித்தோம். இரண்டாம் வகைக்கு உதாரணம் கேட்டால் 'வீல்பேரோ' என்று எழுதி மார்க் வாங்கிவிட்டோம். எழுதியதோடு சரி. இப்போது ஒரு தடவை நிஜமாகவே கணக்குப் போடுவோம்.

தொட்டியில் 90 கிலோ மணல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தின் மையம் சக்கர அச்சிலிருந்து 45 செ.மீ. தூரத்தில். கைப்பிடி 135 செ.மீ. தூரத்தில். 90-ஐ 45-ஆல் பெருக்கி 135-ஆல் வகுத்தால் 30. வண்டியின் சொந்த எடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 90 கிலோவில் கை தூக்குவது 30 கிலோ. இரண்டு கைக்கும் பிரித்தால் ஆளுக்குப் பதினைந்து. மீதி 60 கிலோவைச் சக்கரம் பார்த்துக்கொள்கிறது. அதுவும் கூலி கேட்காமல்!

இப்போது இன்னொரு கணக்கு. சித்தாள் தலையில் வைத்துக்கொண்டு போகிற இரும்புச் சட்டியை நம் ஒர்க்‌ஷாப் தராசில் ஈர மணலோடு வைத்துப் பார்த்தேன். 22 கிலோ காட்டியது. அந்தச் சட்டியில் 90 கிலோ மணலைக் கொண்டுபோக நாலு நடைக்கு மேல் போக வேண்டும். நாலு நடையும் முழு எடையும் கழுத்தெலும்பின் மேல். நடுவில் ஒரு சும்மாடு மட்டும்தான் தடுப்பு. ஒரு நாளைக்கு 200 நடை என்று வைத்துக்கொண்டால் 4,400 கிலோ. நாலரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு லாரியில் ஏற்ற வேண்டியதை ஒரு கழுத்து வழியாக இறக்குகிறோம்!

1998-ல் வந்த மத்திய கட்டடத் தொழிலாளர் விதிகளில், வயது வந்த ஆண் 55 கிலோ, வயது வந்த பெண் 30 கிலோ, அதற்கு மேல் உதவி இல்லாமல் தூக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். 22 கிலோ அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. சரிதான். ஆனால் நாள் முழுக்க எத்தனை நடை என்று தராசு கேட்பதில்லை. கழுத்து கேட்கிறது.

எங்க வீட்டுச் சங்கதி

எங்க அம்மா சித்தாள். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி உள்ளே வந்த முதல் ஆள் நான். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் அம்மா பதிவு செய்திருப்பதால் வருகிற கல்வி உதவித்தொகையும் என் படிப்பில் ஒரு செங்கல். அதனால் வீல்பேரோவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

லீவு நாளில் அம்மாவோடு நானும் கூலிக்குப் போயிருக்கிறேன். நான் பார்த்த சைட்டுகளில் வீல்பேரோ இருந்தால் அது ஆம்பிளை கையில்தான். பொம்பளைங்க தலையில் சட்டி. ஏன் என்று ஒரு மேஸ்திரியிடம் கேட்டேன். 'அவங்களுக்குத் தள்ள வராது தம்பி' என்றார். நண்பர்களே, 22 கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையை வீசி, குழந்தைக்கு அதட்டல் போட்டுக்கொண்டு, ஆடுகிற சாரப் பலகையில் ஏறுகிறவர்களுக்கு, தரையில் ஓடுகிற வண்டியைத் தள்ள வராதாம்!

நியாயமாகவும் பேச வேண்டும். வீல்பேரோ எல்லா இடத்துக்கும் போகாது. மாடிப்படி ஏறாது. தோண்டிப் போட்ட மண்ணில் சக்கரம் இறங்கிவிடும். அது ஓட வேண்டுமென்றால் பலகை போட்டுப் பாதை கட்ட வேண்டும். சந்து சைட்டில் திருப்ப இடம் இருக்காது. ஆனாலும் லாரி கொட்டிய மணல் குவியலிலிருந்து கலவை போடுகிற இடம் வரைக்கும் தரைமட்டத்தில் போகிற பாரத்தையாவது சக்கரத்துக்குக் கொடுக்கலாமே? அது கூடக் கிடைப்பதில்லை. கேட்டால், 'இருந்த வண்டி ரிப்பேர், ஓரமாக் கிடக்குது' என்ற பதில் வரும். என்ன ரிப்பேர் என்று பார்த்தால், பெரும்பாலும் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது டியூப் பஞ்சர்.

ஓரமாகக் கிடக்கிற அந்த வண்டிதான் ஒரு நாள் பூந்தொட்டி ஆகிறது. இப்போது புரிகிறதா நான் எங்கே வருகிறேன் என்று?

நம் கல்லூரி வாசலில் இருக்கிற மஞ்சள் வீல்பேரோ தொட்டியை அம்மாவுக்கு செல்போனில் படம் எடுத்துக் காட்டினேன். சந்தோஷமாகத்தான் பார்த்தாங்க. 'பூவு நல்லா வந்திருக்குடா' என்றாங்க. அப்புறம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'சக்கரம் சுத்துமா?' என்றாங்க. 'சுத்தும்மா' என்றேன். 'சுத்துற வண்டிய எதுக்குடா நிறுத்தி வச்சிருக்காங்க?'

இந்தக் கேள்விக்கு நம் சிலபஸில் பதில் இல்லை. ஆனால் இருக்க வேண்டும்.

பழசுக்கும் ஒரு வரிசை உண்டு

பழைய பொருளில் செடி வைப்பது வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்ததா? நம் வீடுகளைப் பாருங்கள். வாய் உடைந்த பானையில் துளசி. ஓட்டை வாளியில் கறிவேப்பிலைக் கன்று. பெயின்ட் டப்பாவில் டேபிள் ரோஸ். ஏழை வீட்டில் எந்தப் பொருளும் குப்பைக்கு நேராகப் போவதில்லை.

ஆனால் அங்கே ஒரு வரிசை இருக்கிறது. குடத்தில் ஓட்டை விழுந்தால் முதலில் ஓட்டை அடைக்கிறவரிடம் போகும். அடைத்த குடம் கொஞ்ச நாள் தண்ணீர் சுமக்கும். மறுபடி ஒழுகினால் தவிடு, உமி கொட்டி வைக்கிற பாத்திரம் ஆகும். அடி முழுக்கப் போனால்தான் செடி. அதுவும் முடியாதபோது பழைய இரும்புக்காரர். ஒரு காலத்தில் அதற்கும் பேரீச்சம்பழம் கிடைத்தது!

உபயோகம், ரிப்பேர், வேறு உபயோகம், செடித்தொட்டி, கடைசியில் காயலான் கடை. இதுதான் வரிசை. எங்க பாட்டி எந்த இன்ஜினியரிங்கும் படித்ததில்லை. ஆனால் அவர் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதித்ததில்லை. இன்றைய ஃபேஷனோ முதல் படியிலிருந்து நாலாவது படிக்கு ஒரே தாவாகத் தாவுகிறது. சில இடங்களில் புதிய வண்டியைக் கடையில் வாங்கி, துருப்பிடித்த மாதிரி பெயின்ட் அடித்துச் செடி வைக்கிறார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது?

முதலில் பரிசோதனை

சரி, பழைய வண்டி ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் வண்டியைக் கவிழ்த்துப் போடுங்கள்.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கிரீஸ் வறண்டிருக்கலாம். பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கும். லேத்தில் நாம் முதல் வருடமே கற்றுக்கொள்கிற வேலை அது. அச்சு வளைந்திருந்தால் புது ராடு வெட்டிப் போடலாம். காற்றடிக்கிற டயர் என்றால் பஞ்சர் கடை போதும்.

அடுத்து சட்டம். காலும் குறுக்குக் கம்பியும் சேருகிற வெல்டிங் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் தெரிந்துவிடும். குழாய் நன்றாக இருந்தால் மறுபடி வெல்டிங் வைக்கலாம்.

கடைசியாகத் தொட்டி. சின்ன சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். உள்ளே அரித்த தகடு 'தொப்' என்று முனகும். முன்பக்கத்து அடி மூலைகளில் ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். கழுவாமல் விட்ட கலவையும் மழைத் தண்ணீரும் தங்குகிற இடம் அதுதான். அங்கேதான் துரு முதலில் சாப்பிடும். சின்ன ஓட்டை என்றால் மேலே ஒரு துண்டுத் தகடு வைத்து ரிவெட் அடிக்கலாம். மெலிந்த தகட்டில் ஆர்க் வெல்டிங் வைக்கப் போனால், ஓட்டையை அடைக்கப் போய் ஓட்டையைப் பெரிதாக்கிய கதைதான்.

சக்கரம், சட்டம், தொட்டி. இந்த மூன்றில் இரண்டு நன்றாக இருந்தால் ரிப்பேர் செய்யுங்கள். ஒன்றுதான் தேறும் என்றால், அந்த ஒன்றைக் கழற்றி வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டு, தொட்டியைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். இது நான் எனக்காக வைத்துக்கொண்ட விதி. இதைவிட நல்ல விதி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஏதாவது ஒரு விதி வேண்டும். விதியே இல்லாமல் பிரஷ்ஷை எடுப்பதுதான் வேண்டாம் என்கிறேன்.

தொட்டி ஆக்கினால் ஒழுங்காக ஆக்குவோம்

வண்டி நிஜமாகவே ஓய்ந்துவிட்டது. சரி, இனி அது தொட்டி. அதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது.

அடியில் 12 மி.மீ. டிரில்லால் ஏழெட்டு துளைகள் வேண்டும். தொட்டியில் ஏற்கெனவே துரு ஓட்டைகள் இருந்தால் வேலை மிச்சம். துளை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அழகுக்காக வைத்த தொட்டி ஹாஸ்டலையே படுக்க வைத்துவிடக் கூடாது அல்லவா?

துளைகளின் மேல் ஓட்டுச்சில்லு, அதன் மேல் ஒரு அடுக்கு தேங்காய் மட்டை அல்லது உடைத்த செங்கல். அப்புறம் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. ஈரமான பிறகு இந்த மொத்தமும் நூறு கிலோவைத் தாண்டும். ஆகவே கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, ஆடாமல் நிறுத்திய பிறகுதான் மண் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு நகர்த்தப் பார்த்தால், ஏற்கெனவே துருப்பிடித்த கால் முறியும்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். சித்திரை மாத மத்தியானத்தில் இரும்புத் தகட்டில் கை வைக்க முடியுமா? அதே சூடுதான் வேருக்கும். உள்பக்கம் பழைய சாக்கை மடித்து வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுகிற இடமாகப் பாருங்கள். ஆழம் முக்கால் அடிதான் இருக்கும் என்பதால் செம்பருத்தி போன்ற பெரிய செடி வேண்டாம். டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, கோழிக்கொண்டை போதும்.

கீரை போடலாமா? வண்டியின் சரித்திரம் தெரிந்தால் போடலாம். தார் சுமந்த வண்டி, ஆசிட் சுமந்த வண்டி என்றால் கூடாது. பழைய பெயின்ட் உரிந்துகொண்டிருந்தாலும் கூடாது. பழைய பெயின்டுகள் பலவற்றில் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016-ல்தான் வெளியானது, அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயின்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள். அதன் மேல் ரெட் ஆக்ஸைடு, அதற்கும் மேல் உங்களுக்குப் பிடித்த கலர்.

நம் வாசலில்...

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். வாசலில் இருக்கிற மஞ்சள் வீல்பேரோவை உருவாக்கிய அண்ணன்மார்களை நான் குறை சொல்லவில்லை. வேலை சுத்தம். பரிசு வாங்கியது நியாயம்தான். ஆனால் அந்த வண்டியை நான் சொன்ன மாதிரி பரிசோதித்துப் பார்த்தேன். சக்கரம் சுற்றுகிறது. சட்டத்தில் விரிசல் இல்லை. தொட்டியில் துரு இல்லை. டிரில் போட்ட எட்டு துளைகள் மட்டும்தான்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஸ்கிராப் குவியலில் இன்னொரு வீல்பேரோ கிடக்கிறது. அதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதற்குத் தொட்டியின் முன்பக்கம் பாதி அரித்துவிட்டது. சக்கரத்து ரிம் நசுங்கிவிட்டது. மூன்றில் சட்டம் ஒன்றுதான் மிச்சம்.

தினமும் காலையில் கூட்டுகிற அக்கா, வேப்ப மரத்துச் சருகை எல்லாம் சாக்கில் திணித்துத் தலையில் வைத்துக்கொண்டு, மைதானத்தைத் தாண்டிக் குழி வரைக்கும் போகிறார். போகிற வழியில் அந்த மஞ்சள் வண்டியைத் தாண்டித்தான் போகிறார். இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்தும் பார்க்காமல் கிளாஸுக்குப் போயிருக்கிறோம்.

எது ஓட வேண்டும், எது பூக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் யோசனை இதுதான். ஒரே ஒரு சனிக்கிழமை போதும். ஸ்கிராப்பில் கிடக்கிற வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, செங்கல் கட்டி நிறுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்து, செடிகளை மண்ணோடு அதற்கு மாற்றுவோம். பூ ஒன்றுகூட வாடாது. மஞ்சள் வண்டியைக் கழுவி, அச்சுக்குக் கிரீஸ் வைத்துக் கூட்டுகிற அக்காவிடம் கொடுப்போம். சருகு அள்ளத் துளைகள் ஒரு தடையே இல்லை. மண் அள்ள வேண்டுமென்றால் எட்டு போல்ட், பதினாறு வாஷர், பழைய டியூப்பில் வெட்டிய ரப்பர் வளையங்கள். செலவு? கேன்டீனில் நாலு பேர் பஜ்ஜி, டீ சாப்பிடுகிற காசுக்குப் பக்கத்தில்தான் வரும். மாணவர் மன்றம் மனசு வைத்தால் நடக்கும். துளை அடைக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

'இதுக்கு இவ்வளவு பேச்சா?'

கேட்பீர்கள் என்று தெரியும். 'ஒரு பூந்தொட்டியால்தான் உங்க அம்மா சட்டி சுமக்கிறாங்களா?' இல்லை நண்பர்களே. ஒரு தொட்டியை மாற்றினால் நாட்டில் சும்மாடு மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 'அழகே வேண்டாமா?' வேண்டும். எங்க வீட்டு வாசலிலும் பெயின்ட் டப்பாவில் பூ இருக்கிறது.

நான் பயப்படுவது பார்வையைப் பற்றி. சுமந்தவருக்கு அது கருவி. சுமக்காதவருக்கு அது காட்சிப் பொருள். இன்றைக்கு நாம் எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கப் பழகுகிறோமோ, அந்தப் பார்வைதான் நாளைக்கு நம் கையெழுத்தில் வரும்.

நாளைக்கு என்பது தூரத்தில் இல்லை. இன்னும் ஒன்றிரண்டு வருடங்களில் நம்மில் சிலர் சைட் சூப்பர்வைசர். சிலர் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ். சிலர் ஸ்டோர்ஸ். அன்றைக்கு ஒரு இன்டென்ட் ஃபாரம் நம் முன்னால் வரும். அதில் 'வீல்பேரோ - 4' என்று எழுதுவதும், எழுதாமல் விடுவதும் நம் பேனா. 'புஷ் மாற்ற வேண்டும்' என்று குறிப்பதும், 'ஸ்கிராப்' என்று ஒரே சொல்லில் முடிப்பதும் நம் பேனா. பலகைப் பாதை போடச் சொல்வதும், கைப்பிடியைப் பெண்கள் கையில் கொடுத்து 'தள்ளுங்கம்மா, வரும்' என்று சொல்வதும் நம் வாய். மேஸ்திரி சிரிப்பார். சிரிக்கட்டும். நாலு நடை ஒரு நடையாகிற கணக்கை அவரிடம் காட்டுவோம். லாபக் கணக்கு எந்த மேஸ்திரிக்கும் புரியும்.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நம் கல்லூரியில் நான் மட்டுமா? என் கிளாஸிலேயே பாதிப் பேர் இருப்பார்கள். நெல் மூட்டை, செங்கல், உப்பு, மீன் கூடை என்று ஏதாவது ஒன்றைச் சுமந்த தலைகளிலிருந்து வந்தவர்கள்தானே நாம்? அந்தத் தலைகளுக்கு நாம் செய்கிற மரியாதை மேடையில் பேசுவதில் இல்லை. கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒரு அச்சுக்குப் பக்கத்தில் உட்காருவதில் இருக்கிறது.

சுற்றுகிற சக்கரத்தைச் சுற்ற விடுவோம். ஓய்ந்த தொட்டியில் பூ வைப்போம். இரண்டையும் பிரித்தறியும் கண்ணை இந்தக் கல்லூரியில் இருக்கும்போதே சம்பாதித்துக்கொள்வோம்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒர்க்‌ஷாப் பின்புறம் நான் இருப்பேன். ஸ்பேனர் கொண்டு வருகிறவர்கள் வரலாம். வெறுங்கையோடு வருகிறவர்களும் வரலாம். செடி பிடுங்கி நடக் கை போதும்!